நிற்கும் வண்டியில் கரையும் பாட்டரி

பொங்கல் விழாவன்று சாப்பாட்டுப் பந்தியில் அமர்ந்திருந்தபோது நம் சங்க அன்பர்கள் மூவர், ஒருவர் பின் ஒருவராக என்னிடம் வந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமை நிறுத்தின வண்டி சார். வியாழக்கிழமை சாவியைத் திருகினால் டிக் டிக் என்று சத்தம்தான் வருகிறது. பாட்டரி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என்ன காரணம்?" இலையில் சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு இதற்குச் சரியான பதில் சொல்ல முடியாது. ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் நானும் ஒரு குளிர்காலத்தில் திண்டாடியவன் ஆதலால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் கடைசி வாரம். தில்லியின் மூடுபனியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு இரண்டரை மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. ஆஸ்துமா பழைய சிநேகிதம்தான் என்றாலும், அன்று வீட்டிலிருந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை. அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக் கீழே கொண்டுவந்து காரில் உட்கார வைத்துச் சாவியைத் திருகினேன். விளக்குகள் மங்கின, ஒரு முனகல், அவ்வளவுதான். மூன்று வாரங்களுக்கு முன் வாங்கிய புத்தம் புது பாட்டரி! அந்தப் பனியில் ஆட்டோவும் இல்லை, டாக்ஸியும் வருவதாக இல்லை. மேல் வீட்டு சர்தார்ஜியின் கதவைத் தட்டினேன். அவர் பைஜாமாவோடேயே ஓடி வந்து தம் காரில் எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். நெபுலைசர் வைத்து, விடிவதற்குள் அவளுக்கு மூச்சு சீராகிவிட்டது. சீரானதும் அவள் பேசிய முதல் வாக்கியம்: "முப்பத்தி நாலு வருஷம் ரயிலுக்கே லைட் போட்டீங்க. நம்ம வண்டிக்கு ஒரு பாட்டரி பார்க்கத் தெரியலையா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ரயில்வேயில் என் வேலையில் பெரும்பகுதி பெட்டிகளின் விளக்கு, மின்விசிறி, பாட்டரி சம்பந்தப்பட்டதுதான். அந்நாளைய பெட்டிகளில் சக்கர அச்சிலிருந்து பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவார்கள். ஓடும்போது அது பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். நிற்கும்போது பாட்டரி விளக்கெரிக்கும். கார் செய்வதும் இதையேதான். அங்கே 110 வோல்ட், இங்கே 12 வோல்ட். இன்னொரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ரயில் பெட்டியில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே பெட்டியின் இரும்பைத் தொடக்கூடாது. ஆகவே ஒரு பல்பை எடுத்து ஒரு முனையை இரும்பிலும் மறுமுனையைக் கம்பியிலும் வைத்தால், அது எரிகிறதா இல்லையா என்பதைக் கொண்டே எர்த் கசிவு இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். காரிலோ உடம்பு முழுவதுமே நெகட்டிவ். அந்தப் பல்பு வித்தை இங்கே பலிக்காது. மின்சாரம் எவ்வளவு போகிறது என்று அளந்துதான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் முதல் வாரத்தில் பழைய பாட்டரி படுத்தபோது நான் அளக்கவில்லை. மூன்று வருஷம் உழைத்துவிட்டது, போகட்டும் என்று புதிது வாங்கினேன். அதுவும் படுத்ததும் கடைக்காரர், "சர்தி ஹை, பாபுஜி" என்று குளிரின் மேல் பழியைப் போட்டார். குளிரில் பாட்டரியின் திறன் குறைவதும், எஞ்சின் ஆயில் கெட்டியாகி அதைச் சுழற்ற அதிக சக்தி தேவைப்படுவதும் உண்மைதான். ஆனால் மூன்று வாரத்துப் பாட்டரியைத் தில்லிக் குளிர் கொல்லாது. சிம்லாவிலும் கார்கள் ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன!

சரி, எங்கே ஆரம்பிப்பது? முதலில் குற்றவாளி பாட்டரிதானா என்று தீர்மானிக்க வேண்டும். இதற்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சில நூறு ரூபாயில் கிடைக்கும். அளக்க வேண்டிய நேரம் காலை, வண்டியை எடுப்பதற்கு முன். கதவைத் திறந்தாலே இக்காலத்து வண்டிகள் கண் விழித்துக்கொண்டு மின்சாரம் குடிக்கத் தொடங்கும். ஆகவே முந்தின இரவே பானெட்டின் நெம்புகோலை இழுத்து, பானெட் கொக்கியில் மட்டும் நிற்கும்படி விட்டுவிடுங்கள். முழுதாக சார்ஜ் ஆகி ஓய்வெடுத்த பாட்டரி 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 12.6க்கும் 12.0க்கும் உள்ள தூரம் அறுநூறு மில்லி வோல்ட்தான். அதற்குள் பாட்டரியின் முக்கால் ஆயுசு அடங்கிவிட்டது. "பன்னிரண்டு காட்டுகிறது சார், நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒரு நண்பர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். நன்றாக இல்லை என்பதுதான் அதன் பொருள்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு அளங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. சில புதிய வண்டிகளில் கம்ப்யூட்டர் இதைக் கூட்டியும் குறைத்தும் விளையாடும். ஆகவே சில நிமிஷங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எனக்கு 14.2 வந்தது. பாட்டரியை வெளியே கழற்றி, சார்ஜரில் ஒரு நாள் போட்டு, எதனோடும் இணைக்காமல் இரண்டு நாள் சும்மா வைத்தேன். 12.7இல் நின்றது, இறங்கவே இல்லை. ஆக, பாட்டரி நிரபராதி. வண்டியில்தான் எங்கோ ஓட்டை.

இடையில் ஒரு சின்ன விஷயம். பாட்டரியின் மேல்மூடியில் தூசியும் அமில ஈரமும் சேர்ந்தால் அதன் வழியாகவே கொஞ்சம் மின்சாரம் ஓடும். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவிலும் சிவப்பு முனையை மூடியின் மேலும் வைத்து இழுத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். சமையல் சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்து, உலர்த்திவிட்டால் தீர்ந்தது. சோடாத் தண்ணீர் பாட்டரிக்குள் மட்டும் போகக்கூடாது. கழற்றும்போது எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். முறை மாறி ஸ்பேனர் பாசிட்டிவிலிருந்து வண்டியின் இரும்பைத் தொட்டால் ஸ்பேனர் சிவக்கும். எங்கள் பணிமனையில் மோதிரத்தோடு இதைச் செய்து விரலில் தழும்பு வாங்கியவர் ஒருவர் உண்டு. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது முக்கியமான அளவு. வண்டி தூங்கும்போது எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கிறது? எல்லா வண்டியும் கொஞ்சம் எடுக்கும். கடிகாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் பெட்டி, எஞ்சின் கம்ப்யூட்டரின் ஞாபகம் இவற்றுக்கெல்லாம் தீனி வேண்டும். 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு.

மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் துளையில் செருகி, டி.சி. ஆம்பியரில் வையுங்கள். ஒரு முனையை பாட்டரியின் நெகட்டிவ் முளையிலும், மற்றொன்றை அதிலிருந்து வரும் கேபிளின் கிளாம்பிலும் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு கிளாம்பை மெதுவாக மேலே கழற்றுங்கள். இப்படிச் செய்தால் மின்சாரம் அறுபடாமல் மீட்டர் வழியாக ஓடும். அறுந்து மீண்டும் வந்தால் வண்டியின் பெட்டிகள் எல்லாம் விழித்துக்கொண்டு உங்களை ஏமாற்றும். மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் சாவியைத் திருகக்கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். மீட்டரின் ஃபியூஸ் போய்விடும், மலிவு மீட்டரானால் மீட்டரே போய்விடும். அதே துளையில் ஒயரை விட்டுவிட்டு மறதியாக பாட்டரியின் இரு முளைகளையும் தொடுவதும் அதே கதைதான். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை, கேபிளைச் சுற்றிக் கவ்வினால் போதும். வீட்டு எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ஏ.சி. மட்டும் அளப்பது, அது உதவாது.

இணைத்த பின் பொறுமை வேண்டும். முதலில் ஆம்பியர் கணக்கில் காட்டும், பிறகு படிப்படியாக இறங்கும். வண்டியைப் பொறுத்து பத்து நிமிஷமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். சாவியை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். ஃபியூஸ் பெட்டி உள்ளே இருப்பதால் கதவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தால், கதவின் பூட்டு நாக்கை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடலாம். கதவு சாத்தியதாக வண்டி நம்பிவிடும். வேலை முடிந்ததும் அதை விடுவிக்காமல் கதவை அடித்துச் சாத்தினால் பூட்டு உடையும்.

நான் இதையெல்லாம் சாஸ்திரப்படி செய்தேன், ஒரு மதிய வேளையில், வெயில் காய்ந்துகொண்டே. அரை மணி கழித்து மீட்டர் காட்டியது 28 மில்லி ஆம்பியர். பரிசுத்தமான அளவு! 35 ஆம்பியர் மணி பாட்டரியில் இது ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் மணிகூட இல்லை. மூன்று வாரம் நின்றாலும் பாதி பாட்டரி மிச்சமிருக்கும். பழுதே இல்லை என்று கணக்கு சொல்கிறது. ஆனால் வண்டியோ எடுக்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படுத்திருந்தபோதுதான் பழைய பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. பணிமனையில் நிற்கும்போது ஒழுங்காக இருக்கும் பெட்டி, வழியில் விளக்கணைந்து போகும். பழுது எப்போது நேர்கிறதோ அந்த நேரத்தில், அந்த நிலைமையில் சோதிக்க வேண்டும் என்று என் மேலதிகாரி ஒருவர் சொல்வார். என் வண்டி மதியம் வெயிலில் படுக்கவில்லை, இரவில்தானே படுத்தது?

மறுநாள் மாலை வழக்கம்போல் காரை மார்க்கெட் வரை ஓட்டிவந்து, அதே இடத்தில் நிறுத்தினேன். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் இறக்கி, கதவுகளைச் சாத்தி, மீட்டரை இணைத்து, அதன் ஒயர்களைப் பானெட் இடுக்கு வழியாக வெளியே கொண்டுவந்து மீட்டரை வைப்பர் பக்கம் வைத்தேன். ஒன்பது மணிக்கு 29. பதினொன்றுக்கு 28. கம்பளிக் குல்லாயும் சால்வையுமாக ஒரு மணிக்கு இறங்கி வந்து பார்த்தால், பானெட்டின் மேல் எங்கள் காலனித் தெருநாய் சுருண்டு படுத்திருக்கிறது; மீட்டர் 340 காட்டுகிறது!

நாய்க்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஃபியூஸ் பெட்டி ஸ்டியரிங்கின் பக்கத்தில் கீழே இருக்கிறது. கண்ணாடி வழியாகத் தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் செருகி, அடுத்ததற்குப் போக வேண்டும். ஆறாவது ஃபியூஸைப் பிடுங்கியதும் அளவு 340இலிருந்து சடாரென்று விழுந்தது. அந்த ஃபியூஸின் தலையில் கூடுதலாக ஒரு மெல்லிய ஒயர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடர்ந்து போனால், மேலே பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த காமிராவில் போய் நின்றது.

அந்தத் தீபாவளிக்கு மாப்பிள்ளை ஆசையாக வாங்கிக் கொடுத்த காமிரா. விபத்து நடந்தால் சாட்சியாக இருக்கும் என்று அவரே ஒரு கடையில் பொருத்தியும் கொண்டுவந்தார். நிறுத்திய வண்டியின் எதிரே ஏதாவது அசைந்தாலோ, வண்டி குலுங்கினாலோ தானே விழித்துப் படம் எடுக்கும் வசதி அதில் உண்டு; அதற்காக எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸிலிருந்து கடையில் ஒயர் எடுத்துவிட்டார்கள். பாட்டரி இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் பெட்டி ஒன்று தனியாக வரும், அதை வைக்கவில்லை. குளிர்காலத்தில் நாய் இரவெல்லாம் கண்ணாடிக்கு நேரே பானெட்டில் படுத்து, புரண்டு, காதைச் சொறிந்துகொண்டிருக்கிறது. முதலில் எஞ்சின் சூட்டுக்காக வந்திருக்கும்; பிறகு தரையின் ஈரத்துக்கு இந்தத் தகரம் மேல் என்று பழகிவிட்டது போலும். காமிரா இரவு முழுதும் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அதன் கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டோம். நாயின் முதுகு, நாயின் வால், நாயின் கொட்டாவி. கடைசியில் கம்பளிக் குல்லாயோடு கண்ணாடிக்குள் தலையை விடும் ஒரு கிழவர். என் மனைவி அன்று சிரித்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். 340 மில்லி ஆம்பியர், இரவு எட்டு மணி நேரம்: 2.7 ஆம்பியர் மணி. பகலில் 28 மில்லி ஆம்பியர், பதினாறு மணி நேரம்: சுமார் 0.45. ஆக நாளொன்றுக்கு மூன்றுக்குச் சற்று மேல். வாரத்துக்கு 22. ஓய்வு பெற்ற மனிதன் நான், வாரத்தில் ஒரு நாள் கோவிலுக்கும் கடைக்கும் போய் வருவதோடு சரி. இருபது நிமிஷ ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் அந்த 22ஐத் திருப்பி ஊட்ட முடியாது. இரண்டாம் வாரம் குறை பாட்டரியிலேயே தொடங்கும், மூன்றாம் வாரம் படுக்கும். சரியாக மூன்றாம் வாரம்தான் படுத்தது.

காமிராவின் ஒயரை, சாவியைத் திருகினால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு மாற்றினேன். நிற்கும்போது படம் எடுக்காது, ஓடும்போது எடுக்கும். அதுவே எனக்குப் போதும். மாப்பிள்ளையிடம் சொல்ல முதலில் தயங்கினேன். கொடுத்த பரிசில் குற்றம் கண்டுபிடிப்பது போலாகுமே! மகள்தான் போட்டு உடைத்தாள். அவர், "அப்படியா மாமா? என் வண்டியிலும் அதேதான் போட்டிருக்கிறேன்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையும் மாற்றினோம்.

பிறகு இந்த மீட்டரோடு நம் அன்பர்கள் சிலர் வண்டிகளையும் பார்த்தேன். பெரும்பாலும் பின்னால் பொருத்திய சாமான்கள்தான் எதிரி: மியூசிக் சிஸ்டம், அதன் ஆம்ப்ளிஃபையர், வண்டி எங்கிருக்கிறது என்று சொல்லும் கருவி. மியூசிக் சிஸ்டத்துக்கு வரும் மஞ்சள், சிவப்பு ஒயர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பாட்டு நின்றாலும் பெட்டி முழுதாகத் தூங்காது. ஒருவர் வண்டியில் டிக்கி விளக்கு மூடியும் அணையவில்லை. ஐந்து வாட் பல்பு ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி தின்னும். கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். செல்போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடினோம், விளக்கு எரிவது படத்தில் தெரிந்தது. எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் அளவு இறங்கவில்லையென்றால் ஆல்டர்னேட்டரின் டயோடைச் சந்தேகியுங்கள். அதன் தடித்த கேபிள் இந்தச் சின்ன ஃபியூஸ்கள் வழியாக வருவதில்லை. அதை மெக்கானிக்கிடம் விடுவதே உத்தமம்.

படுத்த பாட்டரியை அடுத்த வண்டியிலிருந்து ஒயர் போட்டு எழுப்பினால் அரை மணி ஓட்டியதோடு விடாதீர்கள். அன்றே சார்ஜரில் போட்டு இரவு முழுதும் ஏற்றுங்கள். காலியாகக் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகிவிட்டால் பிறகு எந்த சார்ஜரும் மீட்காது. என் பழைய பாட்டரி அப்படித்தான் அநியாயமாகச் செத்திருக்க வேண்டும். ஒயர் போடும் முறையும் முக்கியம். சிவப்பு ஒயர் இரண்டு பாசிட்டிவ்களுக்கும் இடையில். கறுப்பு, நல்ல பாட்டரியின் நெகட்டிவிலிருந்து படுத்த வண்டியின் எஞ்சின் இரும்புக்கு. கடைசிப் பொறி பாட்டரியின் அருகில் பறக்கக்கூடாது, அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். எஞ்சின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை யாராவது செய்ய வந்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். டைனமோ வைத்த அந்தக்கால அம்பாசடர் அதைத் தாங்கியது. இன்றைய வண்டியில் அந்த ஒரு நொடியில் எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரை எரித்துவிடும்.

மே, ஜூனில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு மிகச் சுலபமான வழி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி வைத்துவிட்டுப் போவது. இயல்பான 50 மில்லி ஆம்பியரே ஒரு மாதத்தில் 36 ஆம்பியர் மணி ஆகிறது. சின்ன காரின் பாட்டரி மொத்தமே 35. கழற்றியபின் ரிமோட் வேலை செய்யாது, கதவைச் சாவியால் பூட்ட வேண்டும். அந்தச் சாவித் துவாரம் துருப்பிடிக்காமல் திரும்புகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மாட்டியதும் கடிகாரத்தைத் திருத்த வேண்டும், சில வண்டிகளில் கண்ணாடி தானே ஏறுவதற்கும் பழக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும். இல்லாதவர்கள் என்னிடம் வந்து வாங்கிப் போகலாம். போன கோடையில் வாங்கிப் போன அன்பர் இன்னும் திருப்பித் தரவில்லை என்பதையும் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.